சந்தாவுக்குக் கூப்பிடுற வக்த்து

மனே, உண்ட வேலையப் பார்த்தன். சபாஷ். ஊர் வாசிகசாலைக்கு இணையத்தளம் ஒண்டு செய்து, அங்கத்தவர் எல்லாரையும் அதுக்குள்ள ஏத்தி, ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் குடுத்து, வருஷச் சந்தாவ டிசம்பர் 31 ராத்திரி 11.59க்கு முடியவச்சிருக்காய். முதல் நாள், 30ஆந் தேதி, எல்லாருக்கும் ஒரே ஒரு மின்னஞ்சல். ஒண்டாந் தேதி விடிஞ்சா கட்டாதவண்ட கணக்கு மூடிக் கிடக்கும். ஒலுவில் கெம்பஸில படிக்கிற உண்ட தங்கச்சிதான் எனக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினாள். கேட்டு முடிஞ்சதும் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடிச்சன். இந்த மூளை நமக்கு அந்தக் காலத்தில இல்லாமப் போச்சே எண்டு ஒரே கவலை.

டிசம்பர் 31! அத எப்பிடி மனே கண்டுபிடிச்ச? பெரியநீலாவணையில தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எண்டு அங்கால அக்கரைப்பற்று மட்டும் இந்தக் கரையில ஒரு வீட்டிலயும் காசு இல்லாத நாள இவ்வளவு சரியா ஆராலயும் தேடிப் பிடிக்க ஏலாது. மாரி அடிச்சு ஊத்துற காலம். கடல் கொந்தளிச்சுத் தோணியெல்லாம் கரையில கவுண்டு கிடக்கும். வெள்ளாமை வயலுக்குள்ள பச்சையா நிக்கும். விதைநெல்லுக் கடனும் பசளைக் கடனும் அதோட சேர்ந்து வளரும். வெட்டு வர மாசியாகும். மருதமுனையில தறிக்காரன் சாயம் போட்ட நூலக் காயவைக்க வழியில்லாம வானத்தப் பார்த்துக்கிட்டிருப்பான். தை பிறந்தாப் பள்ளிக்கூடம்: கொப்பி, சப்பாத்து, வெள்ளைச் சட்டை. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிடுறாய், "உங்கள் அங்கத்துவம் நாளையுடன் காலாவதியாகிறது." ஓம் மனே, அவங்களும் அதோட சேர்ந்து காலாவதியாகத்தான் போறாங்க.

கொழும்பில கந்தோர் கணக்கு மூடுற நாள் அது. கணக்கப்பிள்ளைக்கு வசதி. காசு குடுக்கிறவனுக்கு வசதியா எண்டு ஒருத்தரும் கேட்கல்ல, நீயும் கேட்கல்ல. அதக் குறை எண்டு செல்லல்ல வாப்பா, படிச்ச ஆக்கள் அப்பிடித்தான்.

நான் இந்த ஊரில சந்தாப் புத்தகம் தூக்கித் திரிஞ்சவன். 2004 டிசம்பர் 26 கடல் வந்து அந்தப் புத்தகத்த அலுமாரியோட கொண்டுபோகும் மட்டும் அது எண்ட பொறுப்பிலதான் இரிந்திச்சு. மின்னஞ்சல் எனக்குத் தெரியாது. எந்தக் கடப்படியில எப்ப நிக்கிற எண்டு தெரியும். கமக்காரண்ட வீட்டுக்கு வெட்டு முடிஞ்சு நெல்லு வித்த காசு மனிசிட கைக்குப் போன பொறகு போகோணும். ஆண்ட கையில இரிக்கக்குள்ள போனா "ஓம் காக்கா, தாறன்" எண்டு செல்லிப்போட்டுக் கல்முனைச் சந்தையில மறந்திருவான். மனிசிட கைக்குப் போயிட்டா அது முந்தானையில முடிச்சுப் போட்டுக் கிடக்கும். கேட்ட உடன அவிழும். தறிக்காரனுக்கு நோன்புப் பெருநாள் கழிஞ்ச கிழமை, சாரன் வித்த காசு கையில இரிக்கிற நேரம். வாத்திமாருக்கு 20ஆந் தேதி, மத்தக் கந்தோர்க்காரருக்கு 25. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி ஒரு வீட்டிலயும் போய் நிக்கப்படாது. நோன்பு காலத்தில அஸருக்குப் பொறகு போகவே போகப்படாது. அடுப்பில கஞ்சி இரிக்கும், உனக்கு விழுற பேச்சுக்கும் கணக்கிராது. பாண்டிருப்பில துரோபதை அம்மன் கோயில் தீமிதிப்புக் கிழமையில நம்மட தமிழ்ச் சனங்கட வீட்டுப் பக்கம் போறதில்ல. இதெல்லாம் ஒரு புத்தகத்திலயும் எழுதி வச்சதில்ல. புத்தகத்தத் தூக்கித் திரிஞ்சவண்ட காலில எழுதிக் கிடந்தது.

போனாலும் சந்தா எண்டு வாய் திறக்கிறதில்ல. கடப்படியில நிண்டு, "மச்சான், ஆள் இரிக்கியா?" எண்டு கூப்பிடுவன். மழை, மாடு, மகள்ட கலியாணம் எல்லாம் கதைச்சு, போறத்துக்குக் கிறுகினபொறகு, "அது கிடக்கு, வசதிப்பட்டாப் பார்ப்பம்" எண்டு ஒரு செல்லுச் செல்லுவன். எது கிடக்கு எண்டு அவனுக்குத் தெரியும். இது முதல் தரம், வெட்டுக்கு ஒரு மாசம் முந்தி. வெட்டு நடக்கக்குள்ள பள்ளியடியில கண்டா ஒரு சலாம், ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், அது ரெண்டாந் தரம். மூண்டாவது, காசு வந்த கிழமை. அதுக்கும் தராட்டி அவண்ட பேர நான் வெட்டினதில்ல. பேருக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு புள்ளி. புள்ளி விழுந்தவன் வாசிகசாலைக்கு வந்து பேப்பர் வாசிப்பான். நான் ஒண்டும் கேட்கமாட்டன். அவனும் எண்ட முகத்தப் பார்க்கமாட்டான். கொஞ்ச நாளையில காசு வந்து சேரும். உண்ட தளம் ஒண்டாந் தேதி விடியக்குள்ளயே கதவ அடைச்சிருது. அடைச்சா அவனுக்கு வெக்கப்பட இடமில்லாமப் போகும் மனே. கோவப்படத்தான் இடம் மிஞ்சும்.

இதக் கிழவண்ட பழம்பஞ்சாங்கம் எண்டு சிரிக்காத. தங்கச்சி இன்னொண்டும் வாசிச்சாள். .கொம், .ஓர்க் எண்டு தளத்துக்குப் பேர் வாங்கி வருஷா வருஷம் காசு கட்டுறாங்களே, அதுக்கு மேல ஐகான் எண்டு ஒரு சபை அமெரிக்காவில இரிக்கி. அவங்க 2013இல இருந்து ஒரு சட்டம் வச்சிரிக்காங்க. பேர் விக்கிறவன், முடியிறதுக்கு ஒரு மாசம் முந்தி ஒருதரம், ஒரு கிழமை முந்தி ஒருதரம் கட்டாயம் அறிவிக்கோணும். முடிஞ்சு அஞ்சு நாளைக்குள்ள மூண்டாவது தரம். மாசம், கிழமை, பொறகு ஒருக்கா. எண்ட நடையக் கொழும்புக்கும் தெரியாம அமெரிக்காக்காரன் எப்பிடிக் களவெடுத்தான் எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

அதிலயும் ஒரு நல்ல தந்திரம் இரிக்கி, கேளு. காசு கட்டாத பேர உடன அழிக்கிறதில்ல. அழிக்க முந்திக் கடைசி எட்டு நாளும் அந்தத் தளத்த வேலை செய்ய விடாம நிப்பாட்டி வைக்கோணுமாம். கடிதம் பார்க்காதவனும் தளம் திறக்காட்டி ஓடி வருவான் எண்டதுதான் கணக்கு. அழிச்ச பொறகும் 30 நாள் மீட்கிறதுக்குத் தவணை குடுக்கோணும். மீட்கிறதுக்கு விக்கிறவன் தனியா ஒரு கூலி கறப்பான், அது வேற கதை. பென்சில் புள்ளிக்கு நான் கூலி எடுக்கல்ல.

இவ்வளவு சட்டமும் வாறதுக்கு முந்தி என்ன நடந்தது தெரியுமா? 1999 டிசம்பர் 24. கிறிஸ்மஸுக்கு முதல் நாள். உலகத்திலயே பெரிய பணக்காரன் வச்சிருந்த மைக்ரோசொப்ட் கம்பனி, பாஸ்போர்ட்.கொம் எண்ட பேருக்குக் காசு கட்ட மறந்து போச்சு. ஹொட்மெயில் வச்சிருந்த சனம் அந்த வாசலாலதான் உள்ள போகோணும். வாசல் இல்ல. கனபேர் வெளிய நிண்டாங்க. மைக்கல் சேனி எண்டு ஒரு பொடியன், அதுவும் மைக்ரோசொப்டுக்கு எதிர்க்கட்சியான லினக்ஸ்காரன், என்ன கோளாறு எண்டு துழாவிப் பார்த்துத் தன்ட அட்டையால 35 டொலர் கட்டித் திறந்து விட்டான். பக்கத்து வீட்டுக்காரன் சந்தா கட்டாட்டி நான் அவனுக்காகக் கட்டின நாளும் இரிக்கி. ஆனா அவன் பில் கேட்ஸ் இல்ல.

காசில்லாம மறந்ததில்ல மனே அது. அறிவித்தல் போன இடத்தில ஆள் இல்ல, இல்லாட்டி ஆள் இரிந்தும் அது தன்ட வேலை எண்டு நினைக்கல்ல. இப்ப நான் உன்னட்ட கேட்கிறன்: வாசிகசாலைத் தளத்துப் பேருக்கு வாற அறிவித்தல் எந்த மின்னஞ்சலுக்குப் போகுது? உண்ட வாய் மூடிப் போச்சே! தங்கச்சி பார்த்துச் செல்லிட்டாள். அந்தத் தளத்துட பேரிலயே உண்டாக்கின மின்னஞ்சலுக்கு. அதாவது, பேர் முடிஞ்சு போனா அந்த மின்னஞ்சலும் செத்துப் போகும். "உங்கள் பேர் முடிஞ்சு போச்சு" எண்டு வாற கடிதம், முடிஞ்சு போன பேருக்குள்ளயே போய் விழும். மருந்து எங்க இரிக்கி எண்டு மையித்துட்ட கேட்கிற கதை. கெதியாப் போய் மாத்து. ரெண்டு பேர்ட மின்னஞ்சலக் குடு, ஒண்டு ஊரில இரிக்கிற ஆளுடயா இரிக்கட்டும்.

சரி, நீ நேர்மையாத் தளம் நடத்தி ஒரு நாளும் கோடீஸ்வரனாக மாட்டாய். ஆகோணும் எண்டா வழி செல்லித்தாறன், கொப்பியில எழுதிக்க. சேருறவனுக்கு ஏழு நாள் இலவசம் எண்டு பெரிய எழுத்தில போடு. அட்டை இலக்கத்த மட்டும் முதல் நாளே வாங்கி வச்சிக்க. ஆறாம் நாள் வாயத் திறக்காத. ஏழாம் நாள் ராத்திரி காச எடு. எடுத்ததுக்குப் பொறகு நன்றி எண்டு ஒரு கடிதம் போடு, மரியாதை முக்கியம். அவண்ட அட்டையில காசு இல்லாமத் திரும்பி வந்தா மட்டும் விடியவும் மத்தியானமும் மஃரிபுக்குப் பொறகும் கடிதம் அனுப்பு. காசு வரக்குள்ள மௌனம், வராட்டி ஒப்பாரி. இந்த ரெண்டையும் மாத்தி வைக்காத, வச்சா நல்லவன் எண்டு பேர் எடுத்திருவாய்.

விலகப் பார்க்கிறவன விடாத. "உண்மையாகவே விலகப் போறீங்களா?" எண்டு கேளு. ஓம் எண்டா "என்ன காரணம்?" எண்டு கேளு. காரணம் செல்லினா "பாதி விலைக்குத் தாறம்" எண்டு செல்லு. அமேசான் கம்பனி இப்பிடி ஒரு வழி வச்சிருந்ததா அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023இல வழக்குப் போட்டிச்சு. பிரைம் சந்தாவ நிப்பாட்டப் போறவன் நடக்கிற அந்த நீட்டு வழிக்குக் கம்பனிக்குள்ள வச்ச பேர் "இலியட்" எண்டு வழக்கில எழுதியிரிக்கி. கிரேக்கத்தில ஹோமர் பாடின காவியம். பத்து வருஷம் நீண்ட ட்ரோய்ச் சண்டைக் கதை. தாங்க செய்யிற வேலைக்கு என்ன பேர் வைக்கோணும் எண்டு அவங்களுக்கே நல்லாத் தெரிஞ்சிரிக்கி பாரு. 2025 செப்டம்பரில, குத்தத்த ஒத்துக்கொள்ளாமலே, 250 கோடி டொலர் குடுக்கச் சம்மதிச்சாங்க. அதில 150 கோடி சந்தா கட்டின சனத்துக்குத் திருப்பிக் குடுக்கிற காசு. எண்ட கணக்கு அதுக்குக் கிட்டவும் வராது. நான் சனத்திட்ட எடுத்ததெல்லாம் சேர்த்தும் ஒரு அலுமாரிக்குப் போதாமத்தான் வந்திச்சு.

சட்டம் போட்ட இடமும் இரிக்கி. இந்தியாவில ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபர் 1இல இருந்து செல்லிச்சு: அட்டையால தானா எடுக்கிற சந்தாவுக்கு, எடுக்க 24 மணித்தியாலத்துக்கு முந்தியாவது வங்கி அறிவிக்கோணும், 5,000 ரூபாவுக்கு மேல எண்டா ஆள் தானே வந்து சம்மதம் தரோணும். 2022இல அந்த 5,000த்த 15,000 ஆக்கினாங்க. நல்ல சட்டந்தான். ஆனா 24 மணித்தியாலம் எண்டது பத்தாது வாப்பா. நம்மட ஆக்கள் ஒரு கலியாண வீட்டில சோறு தின்னப் போனாலே ஒரு நாள் போயிரும். கலிபோர்னியாக்காரன் கொஞ்சம் யோசிச்சவன். வருஷச் சந்தாவுக்கு 15 நாளுக்குக் குறையாம, 45 நாளுக்குக் கூடாம அறிவி எண்டு எழுதியிரிக்கான். அதில "கூடாம" எண்ட சொல்லத்தான் நான் மெச்சினன். மூண்டு மாசம் முந்திச் செல்லினவனும் செல்லாதவனும் ஒண்டு. கேட்டவன் தலையாட்டுவான், மறுகா மறந்திருவான். நாளைக்கு நீ போய்க் கேட்டா "செல்லவேயில்லையே" எண்டு சத்தியம் பண்ணுவான். அவன் பொய் செல்லல்ல. நீதான் அவன் மறக்கிறதுக்கு நேரம் குடுத்திட்டாய்.

உனக்குப் புத்தி செல்லித்தந்த ஆக்கள் சிலபேர் இன்னொண்டு செல்லுவாங்க, தெரியும்: "எல்லாத்தையும் தானாப் புதுப்பிக்க விட்டிருவம், அறிவித்தலே தேவையில்ல." தளத்துக்குப் பூட்டுப் படம் போடுற சான்றிதழ் ஒண்டு இரிக்கி இல்லையா? லெட்ஸ் என்க்ரிப்ட் எண்ட தரும நிறுவனம் அத இலவசமாக் குடுக்குது, 90 நாளைக்குத்தான் செல்லும். முடியப் போகுது எண்டு முந்திக் கடிதம் போட்டாங்க. 2025 ஜூனில அத நிப்பாட்டிட்டாங்க. ஏனெண்டா இப்ப மெசினே மெசினிட்ட போய்ப் புதுப்பிச்சிட்டு வருது. கடிதம் அனுப்புறது வீண் செலவு. சரிதான். பூட்டுக்கு நிய்யத்துத் தேவையில்ல. ஆனா சந்தா எண்டது அப்பிடியில்ல. வாசிகசாலை எனக்கு வேணும் எண்டு வருஷத்தில ஒருக்கா ஒருத்தன் நினைச்சுத் தாறான். அந்த நினைப்பத்தான் நாம எடுக்கிற; காசு அதோட ஒட்டிக்கிட்டு வாறது. தானா எடுத்தா உனக்குக் காசு வரும். அங்கத்தவன் எங்க இரிக்கான் எண்டு உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இன்னும் ஒரு சிக்கல். ராத்திரி 11.59 எண்டு போட்டிருக்கியே, அது எந்த ஊர் 11.59? சேர்வர் கிறீன்விச் நேரத்தில ஓடுது எண்டா, அந்த 11.59 நமக்கு விடிய 5.29. சுபஹுக்கு எழும்பினவன் போனத் திறந்தா இன்னும் ஒரு நிமிஷம் கிடக்கும். அவனுக்கு ஏதோ பரக்கத்து. தோஹாவில இரிக்கிற மருமகனுக்கு நம்மட நேரத்த விட ரெண்டரை மணித்தியாலம் பிந்தி. டொரொன்டோவில இரிக்கிறவனுக்கு டிசம்பரில பத்தரை மணித்தியாலம் பிந்தி. அவனுக்கு 31ஆந் தேதி மத்தியானச் சாப்பாடு செமிக்க முந்தி உண்ட நாட்டுப் பாதிச்சாமம் வந்திரும்.

இந்த நேரச் சண்டை நமக்குப் புதுசில்ல. 1996 மே 25இல அரசாங்கம் மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினிச்சு. அந்த ஒக்டோபரிலயே அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்திச்சு. மத்த அரை மணித்தியாலத்தத் திருப்பித் தர 2006 ஏப்ரல் 15 ஆச்சு. இடையில பத்து வருஷம் ஆரிட்டயும் மணி கேட்டா, "புது நேரமா, பழைய நேரமா?" எண்டு திருப்பிக் கேட்டாங்க. மட்டக்களப்பு வாவியத் தாண்டிப் புலி இயக்கத்திட கட்டுப்பாட்டுப் பக்கம் போனா மணிக்கூடு பழைய நேரத்திலயே ஓடிச்சு. ஒரு தோணி ஏறி இறங்கினா வயசு அரை மணித்தியாலம் குறையும். ஒரு நாட்டுக்குள்ளயே இப்பிடி நேரம் ரெண்டாக் கிடந்த கரையில பிறந்தவன் நீ. "இலங்கை நேரப்படி" எண்டு ரெண்டு சொல்லுப் போட உனக்குக் கை வரல்ல.

வருஷம் எண்டா எத்தனை நாள் எண்டும் எழுது. ஹிஜ்ரி வருஷம் 354 நாள், சிலநேரம் 355. ஆங்கில வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைவு. சவூதி அரசாங்கம் தன்ட ஊழியர்ட சம்பளத்த 2016 ஒக்டோபரில ஹிஜ்ரிக் கணக்கில இருந்து ஆங்கிலக் கணக்குக்கு மாத்திச்சு. பன்னிரண்டு சம்பளந்தான், ஆனா வருஷம் பதினொரு நாள் நீண்டு போச்சு. காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு அதவிட அமைதியான வழி நான் கண்டதில்ல. ஒரு சதமும் வெட்டல்ல, நாட்காட்டியத்தான் மாத்தினாங்க. ஜனவரி 31 சேர்ந்தவண்ட ஒரு மாசம் எண்டைக்கு முடியும் எண்டும் உண்ட மெசினிட்ட கேட்டுப் பாரு. பெப்ரவரி 31 எண்டு ஏதாவது செல்லும்.

கடிதத்திட தமிழப் பத்தியும் ஒரு வார்த்தை. "அன்பான பயனரே, தங்களின் செயலற்ற நிலை கண்டறியப்பட்டுள்ளது" எண்டு எழுதியிரிக்காய். செயலற்ற நிலையா? அத வாசிச்ச பள்ளியடி ஹாஜியார் தனக்குப் பக்கவாதம் எண்டு ஆரோ கண்டுபிடிச்சிட்டாங்க எண்டு பயந்து போனார். இந்தப் பெரியநீலாவணை ஊருட பேரையே தன்ட பேரா வச்சுக் கவிதை எழுதினவர் நீலாவணன். சின்னத்துரை எண்டு பெத்தாக்கள் வச்ச பேர். 1975இல காலமானார். அவர் பிறந்த மண்ணில நிண்டு நீ மெசினிட்டத் தமிழ் கடன் வாங்கிறாய். "உங்கட சந்தா பங்குனி 31ஓட முடியுது. இவ்வளவு ரூபா. இப்பிடிக் கட்டலாம். இந்த வருஷம் ஏலாட்டி ஒரு வரி எழுதுங்க." இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். ரூபாயில எழுது. 2022 தையில ஒரு டொலர் இருநூறு ரூபா. வைகாசி வரக்குள்ள முந்நூத்தறுபது. வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் "அதே பத்து டொலர்தான், விலை கூட்டல்ல" எண்டு கடிதம் போட்டுக்கிட்டிருந்தாங்க. அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்ல. நல்ல வேளை, அந்தக் கடிதத்த வாசிக்கிறதுக்கும் வழி இரிக்கல்ல.

"அவசரம், கடைசி வாய்ப்பு" எண்டு மேல போடாத. கடைசி வாய்ப்பு நாளைக்கும் வந்து, நாளண்டைக்கும் வந்தா மூண்டாம் நாள் ஒருத்தன் அத எரிதம் (ஸ்பாம்) எண்டு அமத்திருவான். ஜிமெயிலும் யாகூவும் 2024 பெப்ரவரியில இருந்து மொத்தமாக் கடிதம் அனுப்பிறவனுக்கு ஒரு கோடு போட்டு வச்சிரிக்காங்க. அந்தக் கோட்டக் கூகிள் எண்ணிக்கையிலயே செல்லிட்டுது: ஆயிரம் கடிதத்துக்கு மூண்டு பேர் எரிதம் எண்டு அமத்தினா உண்ட கடிதமெல்லாம் குப்பைக்குள்ள போற நிலை வரும். ஆயிரத்துக்கு மூண்டு! நம்மட ஊரில ஆயிரம் பேருக்கு மூண்டு பேர் ஏசாம ஒரு கலியாணமும் நடந்ததில்ல.

மௌத்தான ஆக்கள்ட பேரையும் கொஞ்சம் பாரு. போன மாசம் மௌத்தான மனிசனுக்கு உண்ட மெசின் அனுப்பின கடிதம் அவர்ட மகள்ட போனில வந்திச்சாம்: "கனநாளாக் காணல்லையே, திரும்பி வாங்க." அந்தப் புள்ள அழுததா சிரிச்சதா எண்டு எனக்குத் தெரியல்ல, ரெண்டும் எண்டுதான் கேள்வி. நான் புத்தகம் வச்சிருந்த காலத்தில ஆர் மௌத்து எண்டு பள்ளியில அறிவிப்பாங்க; அண்டைக்கே நான் கோடு போட்டிருவன். உண்ட மெசினுக்குப் பள்ளி ஒலிபெருக்கி கேட்காது. ஆனபடியால் ஒருத்தர் கேட்டுச் செல்லோணும். கூகிள் 2013இல இருந்து அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிரிக்கி: இத்தனை மாசம் நான் வராட்டி இன்னாருக்கு அறிவி எண்டு ஹயாத்தா இரிக்கக்குள்ளயே எழுதி வைக்கலாம். ரெண்டு வருஷம் திறக்காத கணக்குகள 2023 டிசம்பரில இருந்து அழிக்கவும் தொடங்கினாங்க. அழிக்க முந்திப் பலதரம் கடிதம், அந்தக் கணக்குக்கும், மீட்கிறதுக்குக் குடுத்த மத்த மின்னஞ்சலுக்கும். மத்த மின்னஞ்சல் ஒண்டு குடுக்காதவன், தன்ட புள்ளை பிறந்த படம் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு வச்சிட்டு வெளிநாட்டில புதுப் போன் வாங்கினவன், அவனுக்கு ஆர் அறிவிப்பாங்க? அமானிதத்த வாங்கி வச்சவன் திருப்பித் தர முந்தி ஆளத் தேடிப் பிடிக்கோணும் எண்டு நமக்கு ஓதித் தந்திரிக்காங்க. ஆனா அமானிதம் குடுத்தவனும் தன்ட கடப்படி எங்க எண்டு செல்லிப்போட்டுப் போகோணும்.

இப்ப செய்ய வேண்டியதச் செல்லுறன். ஊரில இரிக்கிறவனுக்குச் சந்தா பங்குனியோட முடியட்டும். வெளிநாட்டில இரிக்கிறவனுக்கு அவன் சேர்ந்த நாளிலயே முடியட்டும். அவனுக்கு மாசா மாசம் சம்பளம், வெட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்ல. மாசம் முந்தி ஒண்டு, கிழமை முந்தி ஒண்டு, முடிஞ்சு ரெண்டு மூண்டு நாளில ஒண்டு. கட்டினவனுக்கு அந்த நிமிஷமே மத்தக் கடிதங்கள நிப்பாட்டு. காசு குடுத்தவன்ட வீட்டுக்கு மறுகாப் போய்க் கேட்கிறதப் போல ஒரு அவமானம் இல்ல. கட்டாதவன் முப்பது நாள் வாசிக்கட்டும், புது எழுத்து மட்டும் போட ஏலாம வை. அதுதான் பென்சில் புள்ளி. வெள்ளிக்கிழமை பகல் ஒரு கடிதமும் போகப்படாது. அத மெசினுக்கு எப்பிடிச் செல்லுற எண்டு நீ பார்த்துக்க.

கடைசியா ஒண்டு. தங்கச்சி இன்னொண்டும் காட்டினாள். எல்லார்ட கணக்குக்கும் முடிவுத் தேதி டிசம்பர் 31. உண்ட கணக்குக்கு மட்டும் 2099 எண்டு போட்டிரிக்காய்.

"நான்தானே மூத்தாப்பா செய்தவன், என்னையும் மெசின் வெளிய போட்டா ஆர் திறக்கிற?"

நியாயந்தான். அந்த ஹயாத்த அல்லாஹ் உனக்குத் தரட்டும். சந்தாவ 25ஆந் தேதி சம்பளம் விழுந்ததும் கொண்டு வந்து தா. இது முதலாவது அறிவித்தல்.